ஆறு காய்ந்தால் ஊருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து? (காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியான கடைமடைச் சிறு நகரங்கள்)

வெண்ணாற்றங்கரை | ஏப்ரல் 9, காலை 5.50

நாலு நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது, இந்த வாரம் ஆறு நாளாகிவிட்டது. இன்று விடியற்காலை மூன்றே முக்காலுக்குக் குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டு அம்மா எழுந்தார். முதல் இரண்டு குடம் துருக் கலங்கல், அது முருங்கைக்கு. அப்புறம் பதினோரு குடம் வந்தது. பன்னிரண்டாவது பாதியில் நின்றது. இனி வராது என்று தெரிந்தும் அம்மா கொஞ்ச நேரம் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஊர்ப் பெயர் வேண்டாம். வெண்ணாற்றுப் பக்கம் எழுபதாயிரம் பேர் இருக்கிற ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் கொஞ்சம், ஊருக்குள் இருக்கிற போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) கொஞ்சம் என்று ஓடுகிறது. 2017-ல் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்த வருஷம். எங்கள் தெரு ஜூன் வரைக்கும் லாரித் தண்ணீரில்தான் பிழைத்தது.

இப்போது ஐந்து இடத்தில் புதிதாக போர் போடப்போவதாகப் பேச்சு, அடுத்த வாரம் கூட்டத்தில் வைக்கிறார்களாம். இது சரிப்படுமா, வேறு வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், தயவுசெய்து.


மூணாம்சேத்தி | ஏப்ரல் 9, காலை 7.15

போர் போடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டா உட்கார முடியும்? குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து பத்தாது, பத்தாகப் போடச் சொல்லுங்கள்.


பழைய ஆபரேட்டர் | ஏப்ரல் 9, இரவு 9.30

கொள்ளிடத்தில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரேற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். இப்போது ஓய்வு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தில் போகும்போது ஆற்று நடுவே வட்டமாக ஒரு சிமெண்ட் கட்டடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிணறு. மணலுக்குள் உறை மாதிரி இறக்கி, அடியிலிருந்து நாலா பக்கமும் துளை போட்ட குழாய்களைப் படுக்கைவசத்தில் செலுத்தியிருப்பார்கள். மேலே ஆறு பொட்டல்காடாகக் கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும், அந்தக் கைகள் வழியாகக் கிணற்றுக்குள் வடியும். மணலே வடிகட்டிவிடுவதால் கலங்கல் இருக்காது, குளோரின் கலந்தால் போதும். கொள்ளிடத்தை மழைக்காலத்து வடிகால் என்று மட்டும் நினைக்கிறார்கள். குடிதண்ணீருக்கு அதுதான் நம் பெட்டகம். திருச்சியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும், கொள்ளிடத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் குழாயில் போவதெல்லாம் இந்த மாதிரி ஆற்று மணல் கொடுக்கிற தண்ணீர்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு எதிரி. மணல் போனால் தண்ணீர் நிற்க இடம் இல்லை. சுற்றுவட்டத்தில் மணலை அள்ளி ஆற்றின் மட்டம் கீழே போய்விட்டால், கிணறு மட்டும் பழைய உயரத்தில் மேடாக நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிணற்று மேடைக்கு நாலு படி ஏறுவோம். கடைசி வருஷங்களில் இரும்பு ஏணி வைத்துத்தான் ஏறினோம். ஆற்று மட்டம் எவ்வளவு இறங்கியது என்று இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஏப்ரலில் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் மூன்று மணி நேரம் நிறுத்தி வைப்போம், ஊறட்டும் என்று. தண்ணீர் குறைந்து மோட்டார் காற்றை இழுத்தால் சத்தம் மாறும், உரலுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. தூக்கத்தில்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவோம். எதிர்க்கரை ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு நீர் கசிந்து போனது, அதைப் பொக்லைன் வைத்து மணலில் வாய்க்கால் வெட்டிக் கிணற்றுப் பக்கம் திருப்பினோம். வெட்டிய வாய்க்கால் இரண்டு நாளில் சரிந்து மூடிக்கொள்ளும், மறுபடி வெட்டுவோம். அப்படித்தான் அந்தக் கோடை கழிந்தது.

போர் விஷயம் பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.


கடைமடைக்காரன் | ஏப்ரல் 10, காலை 6.05

நகரத்துக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசுகிறீர்கள், சரி. எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். தட்டுப்பாடு என்றாலே முதலில் நிறுத்துவது எங்கள் மடையைத்தான். 2023-ல் ஜூன் 12 அன்று முறையாக மேட்டூரைத் திறந்தார்கள், நம்பி இறங்கினோம். அக்டோபர் 10-ந் தேதி பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். கடைமடையில் கருகின பயிரை ஆடு மாட்டுக்கு விட்டவன் நான். மிச்சத் தண்ணீர் குடிநீருக்கு வேண்டும் என்றார்கள். குடிக்கிறதுக்கு என்றால் வாய் திறக்க முடியுமா? திறக்கவில்லை.

இப்போது ஊருக்கு போர் என்கிறீர்கள். உங்கள் நகராட்சி எல்லையில் அதைப் போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் என் பம்புசெட். நூற்றைம்பது அடியில் வந்துகொண்டிருந்தது இப்போது இருநூற்றுப் பத்து. நீங்கள் நானூறு அடிக்குப் போய் பெரிய மோட்டார் வைத்தால் நான் எங்கே போவது? ஊர்க்காரனுக்குக் குடம் கணக்கு, எனக்கு நிலத்து மா கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.


காவேரிப்புள்ள | ஏப்ரல் 10, காலை 10.20

கர்நாடகா கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.


கணக்கு வாத்தியார் | ஏப்ரல் 10, மாலை 6.40

காவேரிப்புள்ள தம்பி, பாதிதான் சரி. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் காவிரியில் நம் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆனதே, அந்த 14.75 ஏன் குறைந்தது தெரியுமா? 4.75 பெங்களூர் குடிநீருக்கு. மிச்சம் 10, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதால். அதாவது நம் காலடித் தண்ணீரை நம் பற்றில் ஏற்கனவே எழுதியாயிற்று. அதை வெண்ணாற்றங்கரைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் போட்டி போட்டு உறிஞ்சித் தீர்த்துவிட்டால் திருப்பிக் கேட்க ஆள் கிடையாது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்து அளவு, இல்லாத ஊருக்கு 70. தாராளமாகவே 135 என்று வைப்போம். எழுபதாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 94.5 லட்சம் லிட்டர், ஒரு வருஷத்துக்குச் சுமார் 345 கோடி லிட்டர். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆக உங்கள் ஊரின் ஒரு வருஷத்துத் தேவை 0.12 டி.எம்.சி. மேட்டூரில் நொடிக்கு 12,000 கன அடி திறந்துவிட்டால் ஒரு நாளில் ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே போகும். உங்கள் ஊர் வருஷம் முழுக்கக் குடித்து, குளித்து, துவைக்கிற தண்ணீர் அணையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது.

இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், தப்பில்லை.


கடைமடைக்காரன் | ஏப்ரல் 10, இரவு 8.10

வாத்தியார் ஐயா, கணக்கு நன்றாக இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? 2018-ல் ஜூலையிலேயே மேட்டூர் 120 அடி நிரம்பிற்று, கொள்ளிடத்தில் கரை தட்டிப் போயிற்று, ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் ஒன்பது மதகு இடிந்து விழுந்தது. அந்த வருஷமும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. கடலுக்குப் போன தண்ணீரை டி.வி.யில் பார்த்துக்கொண்டு நாற்றங்காலில் உட்கார்ந்திருந்தோம்.


வெண்ணாற்றங்கரை | ஏப்ரல் 11, காலை 8.00

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. எனக்குத் தோன்றுவது குளம். நம் முன்னோர் செய்ததும் அதுதானே. திருவாரூர் கமலாலயம் ஐந்து வேலிப் பரப்பு, மன்னார்குடி ஹரித்ரா நதி 23 ஏக்கர், கும்பகோணத்தில் தெருவுக்குத் தெரு குளம். தஞ்சாவூரில் செவ்வப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைத்தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து சுடுமண் குழாய்களில் நகருக்குள் போயிருக்கிறது, ஜலசூத்திரம் என்று பெயர். எங்கள் ஊரிலும் ஐந்து ஏக்கரில் ஒரு குளம் இருக்கிறது, ஆற்றிலிருந்து வாய்க்காலும் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது நிரப்பி வைத்தால் கோடைக்கு ஆகாதா?


நாலாம் வார்டு | ஏப்ரல் 11, மதியம் 2.30

தம்பி, அந்தக் குளத்துக்குக் கடைசியாக எப்போது போனாய்? நான் அதன் மேலக்கரையில்தான் குடியிருக்கிறேன். வாய்க்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் சிலாப் போட்டு மூடி, சிலாப்புக்கு மேல் கடை. உள்ளே மழைத்தண்ணீரா சாக்கடைத்தண்ணீரா என்று பெருமாளுக்குத்தான் தெரியும். வெங்காயத்தாமரை படர்ந்து தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. போன மாதம் ஒரு கன்றுக்குட்டி தரை என்று நினைத்துக் காலை வைத்து உள்ளே விழுந்துவிட்டது, நாலு பேர் கயிறு போட்டு இழுத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடு, அதில் பத்தொன்பது வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார். தண்ணீர் விடுகிறவர் வால்வைத் திறந்த அடுத்த நிமிஷம் வரிசையாக உறுமல் கேட்கும். மோட்டார் இல்லாத வீட்டில் குழாய் உள்ளே இழுக்கிறது, கையை வைத்தால் உறிஞ்சுவது தெரியும். அந்த உறிஞ்சலில் சாக்கடை ஓரத்து விரிசல் வழியாக எது உள்ளே போகிறதோ, அதுதான் காலையில் வருகிற முதல் குடத்து நாற்றம்.

ஆனால் எங்கள் தெருக்கோடியில் மட்டும் இந்தப் பங்குனி வெயிலிலும் சேம்பு ஆளுயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது, ஆடுகளுக்குக் கொண்டாட்டம். பூமியின் விசித்திரம்!


உப்பனாற்றோரம் | ஏப்ரல் 11, இரவு 10.45

வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை, எங்களுக்குப் பத்து நாள் சாதாரணம். கொள்ளிடத்திலிருந்து வருகிற குழாயின் கடைசி நுனி நாங்கள். குழாயிலும் தலைமடை, கடைமடை உண்டு, வழியில் யார் வால்வை ஒரு சுற்று அதிகமாகத் திறந்தாலும் எங்கள் தொட்டியில் தெரியும்.

போர் பற்றிப் பேசுகிறீர்களே, எங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மணல் மேடுகளில் ஆழமில்லாமல் தோண்டினால் ஊற்று இனிக்கும், பேராசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். ஏறினது சுலபத்தில் இறங்காது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது தர அளவு. எங்கள் தெரு அடிபம்பு இரண்டாவதையும் தாண்டிப் பல வருஷம் ஆகிறது. அதில் பருப்பு வேகாது, தலையில் சோப்பு நுரைக்காது.

இன்னொன்று, மின்சாரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது குழாய் உடையவில்லை, தண்ணீரும் இருந்தது. ஏற்ற மின்சாரம் இல்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, அதை ஒவ்வொரு தொட்டியாக டிராக்டரில் இழுத்துக்கொண்டு போய் நிரப்பினோம். வறட்சிக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதையும் ஒரு ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


மூணாம்சேத்தி | ஏப்ரல் 12, காலை 7.30

அப்போ போரும் வேண்டாம், குளமும் வேண்டாம். சென்னைக்கு 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோன மாதிரி நமக்கும் ரயில் விடச் சொல்லலாமா?


கணக்கு வாத்தியார் | ஏப்ரல் 12, மாலை 5.10

அந்த ரயில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். உங்கள் ஊருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்று சுருக்கினால்கூட ஒரு நாளைக்கு 35 லட்சம் வேண்டும். ரயில் காணாது.

வெண்ணாற்றங்கரை தம்பியின் குளத்தையும் போட்டுப் பார்த்தேன், மனசு கஷ்டப்படக் கூடாது. ஐந்து ஏக்கர், பத்தடி ஆழம் முழுசாக நிரம்பினால் ஆறு கோடி லிட்டர் சொச்சம். அதே 50 லிட்டர் கணக்கில் பதினேழு நாள். வெயிலில் ஆவியாவது தனி. கோடை முழுக்கக் குளத்தைக் குடித்து ஓட்ட முடியாது.

அதற்காகக் குளம் வீண் என்று சொல்லவில்லை. குளம் நிரம்பினால் சுற்றியுள்ள கிணறும் போரும் ஊறும், கடைமடைக்காரரின் பம்புசெட் உட்பட. துணி துவைக்க, கக்கூஸுக்கு ஊற்ற வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆகிவிட்டால் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மிஞ்சும். மழைநீர்ச் சேகரிப்பை 2003-லேயே மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். வீட்டு வரி ரசீதுக்காகக் கட்டிய தொட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? என் வீட்டில் அதில் பழைய செருப்பு கிடந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.


பழைய ஆபரேட்டர் | ஏப்ரல் 13, இரவு 9.00

போர் பாக்கி வைத்திருந்தேன். அவசரத்துக்கு ஒன்றிரண்டு போர் தப்பில்லை, நான் எதிரியல்ல. ஆனால் ஐந்தையும் மேடான இடம், காலி மனை என்று பார்த்துப் போடாமல் ஆற்றங்கரையோரம், பழைய ஆற்றுத் தடம் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் அங்கே தானாக ஊறும். குளிர்காலத்தில் அதை மூடி வைத்து, குழாய்த் தண்ணீரில் ஓட்டி, ஏப்ரல், மே, ஜூன் மட்டும் திறக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. போர் போட்ட மறுநாளிலிருந்து வருஷம் முழுக்க இறைப்பார்கள், கோடையில் கையை விரிப்பார்கள்.

கொள்ளிடத்தில் கீழே ஆதனூர் குமாரமங்கலத்தில் கதவணை கட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி இன்னும் சில இடத்தில் தண்ணீரை மறித்தால் மணல் கூடுதல் நாளைக்கு ஈரமாக இருக்கும், கடல் தண்ணீரும் மேலே ஏறாது. அது நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பது ஒன்று. வெண்ணாற்றங்கரை, உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று யாருக்காவது தெரியுமா? பெரிய தொட்டிக்கு வருகிற குழாயில் மீட்டர் இருக்கும், ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ஒரு பழைய வித்தை உண்டு. தொட்டிக்கு வெளியே மேலிருந்து கீழாக எண் எழுதி, கம்பியில் ஒரு முள் தொங்கும். இரவு பத்து மணிக்கு உள்ளே வருகிற வால்வு, வெளியே போகிற வால்வு இரண்டையும் மூடச் சொல்லுங்கள். முள் நிற்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் திறப்பதற்கு முன்னால் மறுபடி பாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நாம், குழாயிலே போடுவதை மட்டும் அளப்பதில்லை.


கடைமடைக்காரன் | ஏப்ரல் 13, இரவு 9.40

இதைச் செய்யுங்கள். இது உருப்படியான பேச்சு.


வெண்ணாற்றங்கரை | ஏப்ரல் 16, காலை 6.20

நேற்று ராத்திரி போனேன். தண்ணீர் விடுகிறவர் எனக்குப் பழக்கம், முதலில் தயங்கினார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்ததும் அவரே ஆர்வமாகிவிட்டார். மீட்டர் இருக்கிறது. கண்ணாடிக்குள் பாசி. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே எண்களுக்கு மேல் ஒரு குளவிக்கூடு. எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன், "நான் வந்ததிலிருந்து" என்றார்.

பத்து லட்சம் லிட்டர் தொட்டி, நாலு மீட்டர் ஆழம். பத்து மணிக்கு இரண்டு வால்வையும் மூடினோம், முள் 3.4-ல் நின்றது. கொசுக்கடியில் அங்கேயே படுத்துக் கிடந்தோம். மூன்று மணிக்கு 2.9. நானும் அவரும் மாறி மாறி மூன்று தடவை டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு வீட்டுக்கும் தண்ணீர் விடவில்லை, அரை மீட்டர் காணோம். வாத்தியார் ஐயா, இது எவ்வளவு?


கணக்கு வாத்தியார் | ஏப்ரல் 16, காலை 7.05

நாலு மீட்டருக்குப் பத்து லட்சம் என்றால் அரை மீட்டருக்கு ஒன்றே கால் லட்சம் லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் எட்டாயிரத்து முந்நூறு குடத்துக்கு மேல். ஐந்து மணி நேரத்தில், ஒரு தொட்டியில்.


பழைய ஆபரேட்டர் | ஏப்ரல் 16, காலை 8.30

வெளியே போகிற வால்வு முழுசாக மூடவில்லை. உள்ளே தகடு தேய்ந்திருக்கும், கைப்பிடி இறுகின மாதிரிதான் தெரியும், தண்ணீர் நழுவிக்கொண்டே இருக்கும். நழுவின தண்ணீர் குழாயில் எங்கேயோ உடைப்பு வழியாக மண்ணுக்குள் போகிறது. இல்லாவிட்டால் குழாய் நிரம்பினதும் முள் நின்றிருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்திலிருந்து தெருத் தெருவாக நடந்து பாருங்கள். காரணமில்லாமல் ஈரமாக இருக்கிற இடம், கோடையிலும் காயாத இடம்.


நாலாம் வார்டு | ஏப்ரல் 16, காலை 8.45

ஐயோ, அந்தச் சேம்பு.

தம்பி, சாயங்காலம் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வா. தண்ணீர் விடுகிறவரையும் கூட்டி வா. ஆட்டை நான் பிடித்துக் கட்டி வைக்கிறேன்.